மேஸ்திரியின் சுத்தமான வாசல்

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க, பேரி மரத்துக்கு அடியில இருந்தா புறா மேலயே எச்சம் போட்டுரும். வாசலைப் பாத்தீங்களா? ஒரு புல்லு பூண்டு இருக்கா சொல்லுங்க. காலையில எங்க வீட்டுக்காரி இருளாயி வேலைக்குக் கெளம்பிப் போனதும் வெளக்கமாத்தை எடுப்பேன். கூட்டிட்டு, மொளைச்சு நிக்கிறதை எல்லாம் ஒண்ணொண்ணாக் குனிஞ்சு புடுங்கிக் குப்பைக் குழியில போட்டுட்டுத்தான் காப்பித்தண்ணி. முப்பது வருசம் மேஸ்திரியா இருந்தவன் இப்பக் குனிஞ்சு களை புடுங்குறேன். அந்தக் கதையைக் கேக்கத்தானே வந்திருக்கீங்க.

டிரஸ்ட் ஆபீஸ்ல இருந்து விசாரிக்க ஆள் வரும்னு கடுதாசி வந்துச்சு. யாரோ வயசான சாரு வருவாருன்னு இருந்தேன். நீங்க எங்க மக வயசு இருப்பீங்க. பரவாயில்ல, நீங்க எழுதுறதுதான் மேல போகும்னா உங்ககிட்டயே சொல்றேன். பக்கத்து மூணு எஸ்டேட்டுலயும் இந்தக் காட்டு வேலை தொடங்கப் போறாங்களாமே, அதுக்கு மேஸ்திரி வேணும்னு கேள்விப்பட்டுத்தான் மனுப் போட்டேன். சுத்தி வளைக்காமச் சொல்லிர்றேன். எனக்கு அந்த வேலை வேணும் மேடம். அதுக்கு மொதல்ல என் மேல இருக்குற பழியை நீங்க தொடைக்கணும். நடந்ததுல சேவுகன் மேஸ்திரி தப்பு ஒண்ணும் இல்லைன்னு எழுதணும்.

மொதல்ல இருந்து சொல்றேன். எஸ்டேட்டுக்கு மேற்க அந்தச் சரிவு இருக்கே, நாப்பது ஏக்கர். ஒரு காலத்துல பூராம் சோலைக்காடாம். வெள்ளைக்காரன் அதை வெட்டிட்டு சீகை மரத்தை நட்டான், தோலுப் பதனிடப் பட்டை வேணும்னு. சீகை நீங்க வர்ற வழியெல்லாம் நிக்குது, புளிய இலை மாதிரிப் பொடி இலை, மஞ்சளாப் பூக்கும். வெள்ளைக்காரன் போயிட்டான், சீகை போகல. கீழ பூராம் உண்ணிச்செடி முள்ளு. ஓடையோரம் மூணு ஏக்கர்தான் பழைய சோலை மிச்சம். முதலாளி சென்னையில. அவருக்கு அப்படி ஒரு சரிவு இருக்குறதே மறந்து போச்சு.

அப்பத்தான் உங்க டிரஸ்ட்ல இருந்து தொபியாஸ் சார் வந்தாரு. இந்தச் சரிவைத் திரும்பச் சோலையாக்கலாம், எப்படின்னு நான் கூட இருந்து சொல்லித் தர்றேன், ஆளு மட்டும் குடுங்கன்னு எஸ்டேட்டுல கேட்டாரு. என்னையும் பன்னெண்டு பொம்பளைகளையும் குடுத்தாங்க. நான் அதுக்கு முன்னாடி உருளைக்கெழங்கு காட்டுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் வெட்டித் திருத்துன ஆளு. ஒரு மலையைக் காட்டி, மேஸ்திரி இது ஒரு மரம் நிக்காம வெள்ளையாகணும்னு சொன்னா, பதினஞ்சே நாள்ல வெள்ளையாக்கிருவேன். அந்தப் பேரு எனக்கு இருந்துச்சு. கீழ வத்தலக்குண்டு வரைக்கும் இருந்துச்சு.

மொத நாளு சார் எங்களை ஓடைப்பக்கம் கூட்டிட்டுப் போனாரு. "இங்கேருந்து ஆரம்பிக்கிறோம் மேஸ்திரி"ன்னாரு. நான் பாத்தேன். அங்க ஆரம்பிக்க என்ன இருக்கு? காடு நல்லா நிக்குது. "சார், ரோட்டோரம்தான் மோசமாக் கெடக்கு, அங்கிட்டுப் போவோம்"னேன். அவரு சிரிச்சாரு. "மோசமான எடத்தைக் கடைசியாத் தொடுவோம். நல்ல பக்கம் நின்னுக்கிட்டு, கெட்ட பக்கமா ஒவ்வொரு அடியா நகரணும். காடு இந்த வருசம் எம்புட்டுக் காலை நீட்டுமோ அம்புட்டு எடம்தான் தெறக்கணும். வழி விடுறதுதான் நம்ம வேலை. மத்ததை அது பாத்துக்கும்"ன்னாரு. வழி விட்டு நிக்கிறதுக்கு ஒரு மேஸ்திரி எதுக்குன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. கேக்கல. படிச்ச மனுசன்.

வேலைன்னா என்ன வேலை தெரியுமா? பொம்பளைக வரிசையாக் குத்த வச்சு உக்காந்து, சின்னச் சின்ன சீகைக் கன்றைக் கையால வேரோட எடுக்கணும். பக்கத்துல இருக்குற சோலைக் கன்னு அசையக் கூடாது. எடுத்த எடத்து மண்ணை மறுபடி தட்டி வைக்கணும், சருகைப் போட்டு மூடணும். பெரிய சீகையை வெட்டக் கூடாது. சுத்திப் பட்டையை உரிச்சு விட்டுட்டா நின்னபடியே கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். அதுவரைக்கும் அது நெழல்ல சோலைக் கன்னு வளருமாம். சீகைக்குக் கீழ ஒண்ணும் வளராதுன்னுதான் நான் நெனச்சிருந்தேன். சார் விலக்கிக் காட்டுனாரு, ஏதேதோ மொளைச்சு நின்னுச்சு. எனக்கு எல்லாம் பச்சையாத்தான் தெரிஞ்சுச்சு. ஒரு நாளைக்குப் பன்னெண்டு பேரு சேந்து இந்த வாசல் அளவுகூட முடிக்க மாட்டாளுக. எனக்குக் கை நமநமன்னு இருக்கும்.

நான் குனிய மாட்டேன் மேடம், அதையும் சொல்லிர்றேன். மேஸ்திரின்னா நிக்கணும். கையில கொடை, கழுத்துல விசில், மேட்டுல நின்னு ஆளைப் பாக்கணும். எவ பேசுறா, எவ வெத்தலை போடுறா, எவ சும்மா கையை ஆட்டுறான்னு பாக்கணும். செடியைப் பாக்குறது பொம்பளைக வேலை. மேஸ்திரி குனிஞ்சுட்டா பின்னாடி பன்னெண்டு பேரும் நிமிந்துருவாளுக. சாரு எனக்குன்னு ஒரு நோட்டு செஞ்சு குடுத்தாரு, சோலை மரத்து இலையெல்லாம் காய வச்சு ஒட்டி, பேரெழுதி. மரியாதைக்கு வாங்கிக்கிட்டேன். வீட்டுப் பரண்ல பத்திரமா இருக்கு. ஒரு பக்கம்கூடக் கசங்கல, வேணும்னா எடுத்துக் காட்டுறேன்.

அந்தப் பன்னெண்டு பேருல ஒருத்திதான் ஒச்சம்மா. உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தவ. கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா சாரு ஒரு தடவை ஒரு இலையைக் காட்டிட்டா அவளுக்கு மறக்காது. அதுலயும் காட்டுப்பட்டை மரம்னு ஒண்ணு, நம்ம கறிக்குப் போடுற பட்டைக்கு அக்கா தங்கச்சி மாதிரியாம், அதுமேல அவளுக்கு உசுரு. எங்க பாத்தாலும் மண்டி போட்டு உக்காந்துருவா. "பாருங்க மேஸ்திரி, கொழுந்து செவப்பா இருக்கும். இலையில மூணு நரம்பு நீளமா ஓடும். கசக்குனா வாசனை வரும்"னு கசக்கி என் மூக்குக்கிட்ட நீட்டுவா. பச்சைப் புள்ளை உச்சியை மோந்து பாக்குற மாதிரி அவளும் மோந்து பாப்பா. "ஏய், மோந்தது போதும், கையை ஓட்டு"ன்னு விசில் அடிப்பேன். மத்தவளுக சிரிப்பாளுக. அவளும் சிரிச்சுக்கிட்டே வேலையைப் பாப்பா.

அந்த மரம் ஓடையோரம் அஞ்சுதான் நின்னுச்சு. மேல் மலை பூராம் தேடியும் வேற இல்லையாம். அதோட பழத்தைக் காட்டுப்புறா தின்னுரும், மிச்சம் கெடைச்ச வெதையும் நாலஞ்சு நாள்ல காஞ்சு போயிரும், நாத்துப் பையில போட்டா மொளைக்கிறதே கஷ்டம். சாரும் ஒச்சம்மாவும் நாலு வருசமாப் பாடுபட்டு ஒரு இருபது முப்பது கன்னு தேத்துனாங்க. அதைக் கொண்டு போய் ஓடைக்கு மேல வச்சாங்க. அன்னைக்கு அந்தப் பொம்பளை எல்லாருக்கும் வெல்லம் குடுத்தா. எனக்கும் குடுத்தா, நான் நின்னபடியே வாங்கித் தின்னேன்.

மூணாவது வருசம் ஓடைக்கு மேல ஊத்துல தண்ணி சித்திரை வரைக்கும் நிக்காம வந்துச்சு. எஸ்டேட்டு ஆளுக குடியிருக்குற லைன் வீட்டுப் பொம்பளைக கொடத்தைத் தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் போறது நின்னுச்சு. அதைப் பேசுறப்ப எல்லாரும் சாரு பேரையும் ஒச்சம்மா பேரையும்தான் சொல்லுவாங்க. நாலு வருசம் மழையிலயும் வெயில்லயும் அந்த மேட்டுல நின்னவன் பேரு ஒருத்தர் வாயிலயும் வரல. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு மேடம். இப்பவும் எரியுது.

அப்பத்தான் முதலாளி வந்தாரு. வருசத்துக்கு ஒரு தடவை வருவாரு. ரோட்டுல காரை நிறுத்திட்டுப் பாத்தாரு. ரோட்டுல இருந்து பாத்தா ஓடைப்பக்கம் தெரியாது. உண்ணி முள்ளும், பட்டை உரிச்ச சீகை மரம் நாலு மொட்டையா நிக்கிறதும்தான் தெரியும். "ஏம்ப்பா மேஸ்திரி, நாலு வருசமா இங்க என்னத்தப்பா புடுங்குறீங்க?"ன்னாரு. டிரைவர் சிரிச்சான். பின்னாடி பன்னெண்டு பொம்பளைக நிக்கிறாளுக. தொபியாஸ் சார் ஏதோ இங்கிலீசுல சொன்னாரு. முதலாளி கேட்ட மாதிரித் தெரியல. கார்ல ஏறுறப்ப என்னைப் பாத்து, "பங்குனியில எனக்கு எழுபது முடியுது. சாந்தி முடிச்சுட்டுச் சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டு வருவேன். கண்ணுக்கு ஏதாவது தெரியணும்"னாரு. சாரைப் பாத்துச் சொல்லல மேடம். என்னைப் பாத்துச் சொன்னாரு. அதை நல்லா எழுதிக்கங்க.

மாசி மாசம் தொபியாஸ் சார் அவங்க அப்பாவுக்கு உடம்புக்கு முடியலைன்னு நாகர்கோவில் போனாரு. ஒரு மாசம் ஆகும்னாரு. இப்ப நீங்களே சொல்லுங்க, அவரு இருந்திருந்தா இது நடந்திருக்குமா? இல்லாமப் போனது யாரு? போறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை, எதையும் வெட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரான்னா, சொல்லல. கைக்களை மட்டும் பாருங்க மேஸ்திரி, நான் வர்ற வரைக்கும் யாரும் கத்தியை எடுக்க வேணாம்னுதான் சொன்னாரு. ரம்ப மெஷினைப் பத்தி ஒரு பேச்சுப் பேசல.

கீழ இருந்து மெஷின்காரங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்தேன். ரோட்டோரத்துல ஆரம்பிச்சு பதினோரு ஏக்கர். மேடம், அந்த வேலையை நீங்க பாத்திருக்கணும். மரம் சாஞ்ச சத்தம் மேல ஊரு வரைக்கும் கேட்டுச்சு. நாலு வருசமாக் குத்த வச்சுக் கெடந்த சரிவு எந்திரிச்சு நின்ன மாதிரி இருந்துச்சு. மலை முகம் தெரிஞ்சுச்சு, பாறை தெரிஞ்சுச்சு. எனக்கு இருபது வயசு கொறைஞ்சு போச்சு.

ஒச்சம்மா மட்டும் வந்து குறுக்க உக்காந்தா. "மேஸ்திரி, இங்கிட்டுச் சீகைக்கு அடியில சோலைக் கன்னு முந்நூறு நானூறு நிக்குது. நெழலை எடுத்தீகன்னா வெயில்ல வெந்துரும். சாரு வரட்டும்"னா. "எந்திரி"ன்னேன். "ஒரு வாரம் பொறுங்க, நான் அவ்வளவையும் பேத்துப் பையில வச்சுத் தர்றேன், பொறவு வெட்டுங்க"ன்னா. "நாளைக்கு வேலைக்கு வரணுமா வேணாமா?"ன்னு கேட்டேன். எந்திரிச்சுட்டா. அதுதான் மேடம் பாயிண்டு. அம்புட்டு உறுதியா இருந்தவ எந்திரிச்சிருக்கக் கூடாதுல்ல? அவ எந்திரிச்சதாலதானே மெஷின் போச்சு. அதை யாரும் கேக்க மாட்டேங்குறாங்க.

வெட்டிப் போட்ட கொப்பும் முள்ளும் மலையாக் கெடந்துச்சு. அதை அப்படியே விட்டா விருந்தாளிக பாத்து என்ன நெனைப்பாங்க? வெட்டுனா தீ வைக்கிறதுதான் மலையில வழக்கம். உருளைக்கெழங்குக் காட்டுல பொறந்ததுல இருந்து செஞ்ச வேலை. அதுக்கும் வந்தா ஒச்சம்மா. "தீ மட்டும் வேணாம் மேஸ்திரி. சீகை வெதை மண்ணுக்குள்ள அம்பது வருசமாக் கெடக்கும், சூடு பட்டா முழிச்சுக்கும்னு சாரு சொல்லியிருக்காரு"ன்னா. "வெதை என்ன தூங்குதா, தாலாட்டுப் பாடி வச்சிருக்கியா?"ன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கல. எங்க வீட்டுக்காரி இருளாயி, அவளும் அந்தக் கூட்டத்துல ஒருத்திதான், என்னைப் பாக்காம ஓடைப்பக்கம் பாத்துக்கிட்டு நின்னா.

காத்து மேற்க இருந்து அடிக்கும்னு பாத்துத்தான் வச்சேன். மத்தியானத்துக்கு மேல திரும்பிருச்சு. காத்துக்கு நான் மேஸ்திரியா? ஓடைப்பக்கம் ஏறிருச்சு. பொம்பளைக பச்சைக் கொப்பை ஒடிச்சு அடிச்சாளுக, சேலையை நனைச்சு அடிச்சாளுக. ஒச்சம்மாவுக்கு இடது கை முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. மூணு ஏக்கர்ல பாதிக்கு மேல போயிருச்சு, நாலு வருசமா வழிவிட்ட எடமும் அங்க வச்ச பட்டைக் கன்னும் போயிருச்சு. பட்டை மரம் அஞ்சுல நாலு போச்சு. பாறை இடுக்குல ஒண்ணு மட்டும் ஒரு பக்கம் கருகி நின்னுச்சு. அது லேசுல ஏறிப் போய்ப் பறிக்க முடியாத எடம்.

ஆனா முதலாளி வந்த அன்னைக்கு நீங்க இருந்திருக்கணும். ரோட்டுல நாலு காரு. சரிவு வழிச்சு விட்ட மாதிரி சுத்தம். "இதுதான்ப்பா வேலை"ன்னு சொன்னாரு. சாந்திக்கு வாங்குன சால்வையில ஒண்ணை எடுத்து என் தோள்ல போட்டாரு. கை தட்டுனாங்க. பொம்பளைக பன்னெண்டு பேரும் பின்னாடிதான் நின்னாளுக. ஒருத்தியும் தட்டல. என் பொண்டாட்டியும் தட்டல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு மேடம், பொய் சொல்ல மாட்டேன். முப்பது வருசத்துல என் தோள்ல விழுந்த ஒரே துணி அதுதான்.

ஒரு வாரம் கழிச்சு தொபியாஸ் சார் வந்தாரு. அப்பாவை அடக்கம் பண்ணிட்டு, சவரம் பண்ணாத மூஞ்சியோட வந்தாரு. என்னைத் திட்டுவாருன்னு பாத்தேன். பதில் எல்லாம் தயாரா வச்சிருந்தேன். திட்டல. சாம்பல்ல நடந்து போனாரு, வந்தாரு. "பட்டை மரம் எத்தனை நிக்குது மேஸ்திரி?"ன்னாரு. எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆளைத்தானே எண்ணுவேன். கையில கட்டோட நின்ன ஒச்சம்மாதான் "ஒண்ணு சார்"ன்னா. அதோட சாரு போய் ஓடையில காலை வச்சு உக்காந்துட்டாரு. திட்டாத மனுசன்கிட்ட என்னன்னு பதில் சொல்றது? அது எனக்குச் செஞ்ச அவமானம்.

பொறவு சித்திரை மழை. அதைத்தான் நீங்க முக்கியமா எழுதணும். நாலு மழைதான் பேஞ்சுச்சு, சரிவு பூராம் பச்சை. கம்பளம் விரிச்ச மாதிரி, கால் வைக்க எடமில்லாம மொளைச்சு வந்துச்சு. எனக்கு சந்தோசம் தாங்கல. ஓடிப் போய் எஸ்டேட் ஆபீஸ்ல இருந்து முதலாளிக்குப் போன் போட்டேன். "முதலாளி, காடு வந்துருச்சு"ன்னேன். பொம்பளைகளை விசில் அடிச்சுக் கூப்புட்டேன். "நாலு வருசத்துல வராதது நாலு மழையில வந்துச்சு, பாத்துக்கங்கடீ"ன்னேன். ஒச்சம்மா மெல்லக் குனிஞ்சா. ஒண்ணைப் புடுங்கி என் உள்ளங்கையில வச்சா. நானும் பாத்தேன். பச்சையாத்தான் இருந்துச்சு. "என்னடி?"ன்னேன். "இலையைப் பாருங்க மேஸ்திரி"ன்னா. பொடி இலை. புளிய இலை மாதிரி. எல்லாமே சீகை. பதினோரு ஏக்கரும் சீகை. வெட்டுன ஒண்ணுக்கு ஆயிரம்.

சரி, மண்ணுக்குள்ள வெதையைப் போட்டு வச்சது நானா? வெள்ளைக்காரன். அடுத்த மழைக்கு மண்ணு சரிஞ்சு ஓடைக்கு வந்து ஊத்து செந்தண்ணியா ஓடிச்சு, பொறவு அடைச்சே போச்சு. மழை எப்படிப் பேயணும்னு சொல்றவன் நானா? லைன் வீட்டுப் பொம்பளைக மறுபடி கொடத்தைத் தூக்கிக்கிட்டு என் வீட்டைத் தாண்டித்தான் போவாளுக. தாண்டுறப்ப பேச்சை நிறுத்திருவாளுக. கொடம் இடுப்புல இடிக்கிற சத்தம் மட்டும் கேக்கும்.

என்னை வேலையை விட்டு நிறுத்துனாங்கன்னு ஊருக்குள்ள சொல்றாங்கள்ல, அது பொய். அதையும் திருத்தி எழுதுங்க. தொபியாஸ் சார் என்னைப் போகச் சொல்லல. "மேஸ்திரி, இந்தச் சீகைக் கன்றைக் கையாலதான் எடுத்தாகணும். ஒச்சம்மா முன்னாடி நிக்கட்டும். நீங்களும் வரிசையில உக்காந்து எடுங்க. ரெண்டு வருசத்துல உங்களுக்கே இலை பிடிபட்டுரும்"னாரு. வரிசையில. பொம்பளைகளோட. குத்த வச்சு. ஒச்சம்மா எனக்கு வேலை சொல்லணும். நான் விசிலைக் கழட்டி அவரு மேசையில வச்சுட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அந்த ஒச்சம்மாவே இங்க வந்தா, கட்டுப் போட்ட கையோட. அந்தா அந்தப் பேரி மரத்துக்கிட்டதான் நின்னா. "வாங்க மேஸ்திரி, ஆளு பத்தல"ன்னா. இன்னும் மேஸ்திரின்னுதான் கூப்புடுறா, அதுதான் எனக்கு முள்ளாக் குத்துது. "எல்லாத்தையும் நீயே மோந்து பாத்துக்க, போ"ன்னேன். போயிட்டா. ரெண்டு வருசமாச்சு. விசில்கூட அடிக்கிறதில்லையாம். ஆணியில தொங்குதாம். எங்க வீட்டுக்காரி சொன்னா.

ஆமா, இருளாயி இன்னும் அங்கதான் போறா. ஒச்சம்மா கூட்டத்துலதான். விடிஞ்சதும் போயிருவா, அந்தி சாயத்தான் வருவா. ராத்திரிச் சோத்துக்கு என் முன்னாடி தட்டை வைப்பா. அம்புட்டுத்தான் பேச்சு. முந்தாநாள் தானாச் சொல்லிக்கிட்டு இருந்தா, சீகை பாதிக்கு மேல எடுத்தாச்சாம், இனி சோலைக் கன்னு வேணுமாம், மத்த மரமெல்லாம் கெடைச்சிருச்சாம், பட்டைக் கன்னு ஒண்ணுகூடக் கெடைக்கலையாம். பாறையில நிக்கிற அந்த ஒத்தை மரத்துப் பழத்தை ஆளு ஏறுறதுக்குள்ள புறா முழுங்கிட்டுப் பறந்துருதாம். அது எங்க போய் உக்காந்து வெதையைப் போடுதோ அங்கதான் மொளைச்சிருக்கும்னு ஒச்சம்மா சொல்றாளாம். ஞாயித்துக்கெழமையும் சும்மா இருக்காம ஆளுக்கொரு பக்கம் புறா பின்னாடி மலை மலையா அலையுறாளுக. நீங்களும் அங்க போயிட்டுத்தானே வர்றீங்க, செருப்பு பூராம் செம்மண்ணு. உங்களையும் தேட விட்டாளா? புறா பின்னாடி போற பொம்பளைக்கு மேஸ்திரி வேலை, சால்வை வாங்குனவனுக்குத் திண்டாட்டம். இதுதான் உங்க டிரஸ்ட்டு நியாயம்.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன் மேடம். எனக்கு அறுபது வயசு ஆகப் போகுது. காலையில எந்திரிச்சா போறதுக்கு ஒரு எடம் இல்ல. மேட்டுல நிக்காம எனக்குக் காலே மறந்து போச்சு. என் பொண்டாட்டி என் மூஞ்சியைப் பாத்துப் பேசணும். அந்த மூணு எஸ்டேட்டுல ஏதாவது ஒண்ணு குடுங்க. இந்தத் தடவை தீ வைக்க மாட்டேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மெஷினும் வேணாம். நிதானமாவே செய்யிறேன். செடி கொடி எல்லாம் இப்ப எனக்கும் பழக்கம் ஆயிருச்சு, தெனம் களை எடுக்குறேன்ல.

கெளம்பிட்டீங்களா? காப்பி குடிச்சிட்டுப் போங்க. வேணாமா? சரி, பாத்து வாங்க. நில்லுங்க, பேரி மரத்தடியில உங்க செருப்புக்குப் பக்கத்துல ஒண்ணு நிக்குது பாருங்க. காலையிலதான் சுத்தம் பண்ணேன், கண்ணுல படாமத் தப்பிச்சிருக்கு. இருங்க, குனியாதீங்க, நானே புடுங்குறேன். வந்துருச்சு, வேரோட. இந்த மரத்துக்கு அடியிலதான் மேடம் இந்தச் சனியன் மொளைக்குது. ராவெல்லாம் புறா அடையுது, எச்சம் போடுது, அதுல இருந்து வருதோ என்னமோ. வேற எங்கயும் கெடையாது, இந்த எடத்துல மட்டும்தான். ரெண்டு வருசமா ஒவ்வொரு மழைக்கும் ரெண்டு வெரல் ஒசரத்துக்கு வந்து நிக்கும். கொழுந்து செவப்பா, பாக்க லட்சணமாத்தான் இருக்கு. கையில வாசனைகூட வருது, மோந்து பாருங்க. கறிக்குப் போடலாம் போல.

எத்தனை புடுங்கியிருப்பேன்னா? அதை யாரு எண்ணுனா? நேத்து ஒரு பத்து இருக்கும். மழை பேஞ்ச மறுநாளுன்னா முப்பது நாப்பதுகூட வரும். ஒண்ணையும் விட மாட்டேன். இருளாயி வர்றதுக்குள்ள எடுத்துருவேன், அவ கண்ணுக்கு வாசல் சுத்தமா இருக்கணும். அதை எதுக்கு மேடம் வாங்குறீங்க, கை அழுக்காகும். இலை நரம்பை ஏன் தடவித் தடவிப் பாக்குறீங்க? அங்கிட்டுப் போகாதீங்க, அது குப்பைக் குழி. அதுல என்ன இருக்கப் போகுது, எல்லாம் காஞ்ச களைதான். அதைக் கெளறிக்கிட்டு இருக்காம என் மனுவை நல்லபடியா எழுதுங்க. சேவுகன் மேஸ்திரி வேலை சுத்தம், அவரு வாசல்ல ஒரு பச்சை கெடையாதுன்னு எழுதுங்க. நீங்களே கண்ணால பாத்தீங்கள்ல.